எங்க ஊர் ஓடையில ட்ரவுட் மீன் விடுறத நிறுத்தப் போறாங்களாம், எதிர்த்து கையெழுத்து போடலாமா வேணாமா?

மாயவரத்துக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இந்த குரூப்ல தூண்டில் போடுறவங்க நாலஞ்சு பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் இங்க கேக்குறேன். நான் பென்சில்வேனியால ஹாரிஸ்பர்க் பக்கம் இருக்கேன், வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஊர்ல அப்பா கூட வாய்க்கால்ல மண்புழு கோத்து கெண்டையும் கெளுத்தியும் புடிச்சு வளந்தவன், இங்க வந்து முதல் மூணு வருஷம் தூண்டிலைத் தொடவே இல்ல, அப்புறம் வீட்டுல இருந்து பத்து நிமிஷத்துல ஒரு ஓடை இருக்குன்னு தெரிஞ்சு போக ஆரம்பிச்சேன். ஓடை பேர் வேண்டாம், சின்ன ஓடைதான், அகலம் அஞ்சு மீட்டர் இருந்தா அதிகம்.

வருஷா வருஷம் ஏப்ரல் முதல் சனிக்கிழமை சீசன் தொடங்கும். அதுக்கு முன்னாடியே மாநில மீன் கமிஷனோட லாரி பண்ணையில வளத்த ட்ரவுட்டோட வரும், ஊர் கிளப் ஆளுங்க பக்கெட்ல மீனைத் தூக்கிட்டுப் போய் மடு மடுவா விடுவாங்க, நானும் ரெண்டு வருஷம் பக்கெட் தூக்கியிருக்கேன். என் பொண்ணுக்கு இப்ப எட்டு வயசு, அவ முதல்ல புடிச்ச மீன் அங்கதான். அம்மா ஆறு மாசம் வந்து இருந்தப்ப அந்த ரெயின்போ ட்ரவுட்ல புளி ஊத்தி குழம்பு வச்சாங்க, நம்ம ஊரு கெண்டை மாதிரி முள்ளு இல்லப்பான்னு ஆச்சரியப்பட்டாங்க.

இப்ப விஷயம் என்னன்னா, போன கோடையில கமிஷன் பயாலஜிஸ்டுங்க வந்து தண்ணியில லேசா கரண்ட் விட்டு மீனை மயக்கி எண்ணிப் பாத்திருக்காங்க. விரல் நீளக் குஞ்சுல இருந்து முழங்கை நீளம் வரைக்கும் பிரவுன் ட்ரவுட் கெடச்சிருக்கு, எல்லாம் அங்கேயே பொறிச்சு வளந்தது. அதனால இத கிளாஸ் ஏ வைல்ட் ட்ரவுட் ஓடைன்னு அறிவிக்கப் போறோம், இனிமே லாரி வராதுன்னு நோட்டீஸ் போட்டிருக்காங்க. கிளப்ல ஒரே கொந்தளிப்பு. 78 வயசு பெரியவர் ஒருத்தர், எனக்கு முடிச்சு போடக் கத்துக் குடுத்தவரே அவர்தான், எதிர்ப்பு மனுவை எடுத்துட்டு வந்து கையெழுத்து கேக்குறாரு. அவருகிட்ட முடியாதுன்னு சொல்ல மனசு வரல. இன்னொரு பக்கம் ட்ரவுட் அன்லிமிடெட்ங்கற ஆறு பாதுகாப்பு அமைப்போட ஆளு ஒருத்தர், ஓடைக்கரையில பாத்தப்ப, ஆதரிச்சு ஒரு ஈமெயில் எழுதுங்கன்னு கேட்டாரு.

எனக்கு நெஜமாவே தெரியாம கேக்குறேன். மீன் விடுறத நிறுத்தினா மீன் அதிகமாகும்னு சொல்றாங்களே அது எப்படி? கிளாஸ் ஏ ஆச்சுன்னா வீட்டுக்கு மீன் எடுத்துட்டுப் போகவே கூடாதா? இது ஃப்ளை பிஷிங், அதாவது பூச்சி மாதிரி செஞ்ச போலி இரை போட்டு புடிக்கிற காசுள்ள ஆளுங்க, மண்புழு போடுற நம்மள மாதிரி ஆளுங்கள வெரட்டுறதுக்கு பண்ற வேலைன்னு கிளப்ல சொல்றாங்க, அதுல எவ்வளவு உண்மை?

பெல்ஃபான்ட் குமார் எழுதியது:

தம்பி, நான் ஸ்டேட் காலேஜ்ங்கற ஊர் பக்கம் பதினேழு வருஷமா இருக்கேன், இது எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல குழம்பு விஷயம், ஏன்னா நெறைய பேரு இங்கதான் குழம்பிப் போறாங்க. கிளாஸ் ஏன்னா புடிச்சத விட்டுடணும்னு அர்த்தம் கிடையாது. தனியா ஸ்பெஷல் ரூல் போடாத வரைக்கும் சாதாரண சட்டம்தான், ஏழு இஞ்ச்சுக்கு மேல இருந்தா ஒரு நாளைக்கு அஞ்சு மீன், சீசன் தொடங்கினதுல இருந்து செப்டம்பர்ல லேபர் டே வரைக்கும் எடுத்துக்கலாம். மண்புழுவும் போடலாம். ஃப்ளை மட்டும்தான்னு எந்த கட்டாயமும் இல்ல. அதனால உங்க கிளப்ல யாராவது இனிமே புழு போட முடியாதுன்னு சொன்னா அது தப்பு, அத முதல்ல அங்க போய் சொல்லுங்க.

கிளாஸ் ஏன்னா என்னன்னா ஒரு எடைக் கணக்கு. பிரவுன் ட்ரவுட்டா இருந்தா ஒரு ஹெக்டேர் தண்ணிக்கு 40 கிலோ, ப்ரூக் ட்ரவுட்டா இருந்தா 30 கிலோ, அதுக்கு மேல தானா பொறிச்ச மீன் இருக்கணும். உங்க ஓடை அஞ்சு மீட்டர் அகலம்னா ரெண்டு கிலோமீட்டர் நீளம் சேந்தாதான் ஒரு ஹெக்டேர், அதுல யாரும் தீவனம் போடாம, யாரும் லாரியில கொண்டு வராம 40 கிலோ மீன் உயிரோட இருக்குன்னா அந்தத் தண்ணி எவ்வளவு குளுமையா சுத்தமா இருக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. மாநிலத்துல வருஷத்துக்கு கிட்டத்தட்ட 32 லட்சம் வளந்த ட்ரவுட் கமிஷன் விடுது, அத எங்க வேணா விடலாம், ஆனா இந்த மாதிரி ஓடைய எந்தப் பண்ணையிலயும் பொறிக்க வைக்க முடியாது. ரொம்ப நல்ல வைல்ட் ஓடைகள்ல மீன் விடுறதில்லைங்கிற கொள்கையும் புதுசு இல்ல, 1983ல ஆபரேஷன் ஃப்யூச்சர்னு கொண்டு வந்தாங்க, அதுல இருந்து நடக்குது.

எங்க ஊரு ஸ்ப்ரிங் க்ரீக் கதைய சொல்றேன். மைரெக்ஸ், கீப்போன்னு ரெண்டு பூச்சிக்கொல்லி விஷம் அந்தத் தண்ணியில கலந்து மீன் உடம்புல ஏறிப் போச்சு. 1982ல புடிக்கிற மீனை சாப்பிடவே கூடாது, விட்டுடணும்னு சட்டம் போட்டாங்க, மீன் விடுறதும் நின்னு போச்சு, சாப்பிட முடியாத மீனை எதுக்கு விடணும்னு. எல்லாரும் இந்த ஓடை கதை முடிஞ்சுதுன்னு நெனச்சிருக்காங்க. ஆனா பிரவுன் ட்ரவுட் பெருகி, இன்னைக்கு மாநிலத்துலயே வைல்ட் பிரவுன் ட்ரவுட் அடர்த்தியா இருக்கிற ஓடைகள்ல ஒண்ணு அதுதான். அடியில சுண்ணாம்புக்கல் ஊத்து, கோடையிலயும் தண்ணி சில்லுன்னு இருக்கும். பெல்ஃபான்ட் டவுனுக்கு நடுவுல பாலத்து மேல நின்னு பாத்தா கண்ணுக்கே தெரியும். நாங்க அங்க குழம்புக்கு மீன் எடுக்க முடியாது, அது நெஜமான இழப்புதான், ஆனா அந்தத் தடை ஆரம்பிச்சது விஷத்தால, மீன் விடுறத நிறுத்துற கொள்கையால இல்ல.

இன்னொண்ணு, என்னைக் கேட்டா இதுதான் முக்கியம். மீன் விடுறது நிக்குதா இல்லையாங்கறதுலேயே எல்லாரும் சண்டை போடுறாங்க, அந்தப் பட்டியல்ல பேரு வந்தா தண்ணிக்கு என்ன கெடைக்குதுன்னு யாரும் பேசறதில்ல. கிளாஸ் ஏ ஆனா மாநில சுற்றுச்சூழல் துறை அத உயர்தரக் குளிர்நீர்னு வகைப்படுத்த வழி இருக்கு, சாப்டர் 93ன்னு சொல்ற விதி. அப்படி வந்துட்டா மேல ஒரு வேர்ஹவுஸ் கட்டுறவனோ நூறு வீடு போடுறவனோ மழைத்தண்ணிய அப்படியே ஓடையில தள்ளிவிட முடியாது, ஒவ்வொரு பெர்மிட்டுக்கும் கண்டிஷன் கடுமையாகும். முட்டை போடுற காலத்துல, அக்டோபர்ல இருந்து, ஓடைக்குள்ள ஜேசிபி இறக்குறதுக்கும் கட்டுப்பாடு வரும். ஹாரிஸ்பர்க் பக்கம் எவ்வளவு வேர்ஹவுஸ் வருதுன்னு உங்களுக்கே தெரியும். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இத யோசிங்க.

பழைய தூண்டில் எழுதியது:

குமார் சொல்றது எதுவும் பொய் இல்ல. ஆனா நான் இன்னொரு பக்கத்த சொல்லித்தான் ஆகணும், நான் 1994ல பிட்ஸ்பர்க் வந்தவன், எனக்கு இப்ப 66 வயசு, முழங்கால் ஆபரேஷன் ரெண்டு தடவை ஆச்சு. வைல்ட் பிரவுன் ட்ரவுட் புடிக்கணும்னா குனிஞ்சு பதுங்கி கல்லு மேல நடந்து, நிழல் விழாம தூண்டில் போடணும், அது நம்ம சத்தம் கேட்டாலே ஓடிப் போற மீன். பண்ணை மீன் அப்படி இல்ல, மடுவுல நிக்கும், சேர் போட்டு உக்காந்து கரையில இருந்தே புடிக்கலாம். எட்டு வயசு பொண்ணுக்கும் 78 வயசு பெரியவருக்கும் அதுதான் மீன்பிடி. அந்தப் பெரியவர் அறிவியல எதிர்க்கல, ஐம்பது வருஷமா பக்கெட் தூக்கின எடத்துல இருந்து நீ இனிமே வேண்டாம்னு சொல்ற மாதிரி அவருக்கு இருக்கு. அத மதிக்காம பேசினா யாரும் கேக்க மாட்டாங்க.

அப்புறம் காசு. இந்தக் கமிஷனுக்கு மாநில அரசு பொது வரிப் பணத்துல இருந்து சம்பளம் குடுக்குறதில்ல. நாம வாங்குற லைசென்ஸ், ட்ரவுட் பெர்மிட், படகு பதிவு, அப்புறம் 1950ல வந்த டிங்கல் ஜான்சன் சட்டப்படி தூண்டில் ரீல் மேல இருக்கிற ஃபெடரல் வரி, இதுலதான் ஓடுது. அந்த பயாலஜிஸ்டு சம்பளமே ஏப்ரல்ல ட்ரவுட் பெர்மிட் வாங்குற ஆளுங்க காசுலதான் வருது, அதுல பாதிக்கு மேல லாரி மீனை நம்பி வாங்குறவங்கன்னுதான் நான் நெனைக்கிறேன். அவங்க வாங்காம விட்டா வைல்ட் ட்ரவுட்ட எண்ணுறதுக்கும் ஆள் இருக்காது.

அரசியல் எப்படி ஓடுதுன்னும் தம்பி தெரிஞ்சுக்கணும். லைசென்ஸ் கட்டணத்த சட்டசபைதான் உயர்த்தணும்னு இருந்துச்சு, 2005க்கு அப்புறம் உயர்த்தவே இல்ல. 2017ல கமிஷனோட அப்போதைய எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர் ஜான் ஆர்வே, கட்டணம் ஏத்தலைன்னா குஞ்சுப்பண்ணைகளை மூட வேண்டி வரும்னு சொன்னாரு, உடனே செனட்ல அந்தப் பதவிக்கே எட்டு வருஷம்தான்னு வரம்பு வைக்க மசோதா கொண்டு வந்தாங்க. மீன் லாரி எந்தத் தொகுதிக்குப் போகுதுங்கறது இங்க ரேஷன் கடை மாதிரி, எம்எல்ஏவுக்கு நேரா போன் போகும். கட்டணம் எவ்வளவுன்னு கமிஷனே முடிவு பண்ணலாம்னு சட்டம் வந்தது 2020லதான்.

கடைசியா ஒண்ணு, இதுக்கு குமார் பதில் சொல்லட்டும். அந்த ஓடைக்கரை முக்கால்வாசி தனியார் நிலமா இருக்கும். லாரி வர்ற வரைக்கும்தான் அந்த விவசாயி மக்கள உள்ள விடுறாரு, மீன் விடுறது நின்னா நாளைக்கே உள்ளே வராதேன்னு போர்டு மாட்டலாம். அப்ப கிளாஸ் ஏ மீன் இருந்து யாருக்கு என்ன?

யாழ் டொரோண்டோ எழுதியது:

நான் கனடாவில இருக்கிறன், ஆனா வருசத்தில ரெண்டு தரமாவது எல்லை தாண்டி மிச்சிகன் ஓ சேபிள் ஆத்துக்குப் போறனான், அதால எனக்கும் இதில சொல்ல ஒரு கதை இருக்கு. மாயவரத்து அண்ணை கடைசியாக் கேட்ட கேள்விக்குத்தான் வாறன், இது காசுக்காரற்ற விளையாட்டோ எண்டு.

அந்த ஆத்தங்கரையில கிரேலிங் எண்டு ஒரு ஊர். கிரேலிங் எண்டது ஒரு மீன்ர பேர். ஒரு காலம் அந்த ஆறு முழுக்க அந்த மீன்தான், மரம் வெட்டி ஆத்தால மிதக்கவிட்டுக் கொண்டு போனதில முட்டை போடுற ஜல்லியெல்லாம் நாசமாகி, சனமும் கணக்கில்லாமல் பிடிச்சு, பிறகு கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டும் போட்டிக்கு வந்து, 1930களோட மிச்சிகனிலயே அந்த மீன் இல்லாமல் போச்சுது. ஊர்ப் பேர் மட்டும் மிஞ்சியிருக்கு. அந்தப் பேர்ப்பலகையைத் தாண்டித்தான் நான் ஒவ்வொருமுறையும் ஆத்துக்குப் போறன், ஒருநாளும் அது எனக்குச் சும்மா கடந்து போற பலகையா இருந்ததில்லை.

அதே ஊர்ப் பக்கம், 1959 ஜூலையில, ஜோர்ஜ் கிரிஃபித் எண்டவற்ற ஆத்தங்கரை வீட்டில 16 பேர் கூடித்தான் ட்ரவுட் அன்லிமிடெட்டைத் தொடங்கினவை. அவை கூடினதுக்குக் காரணமே இண்டைக்கு நீங்கள் கதைக்கிற இதே விசயம்தான். அரசாங்கம் பிடிக்கிற அளவில வளத்த மீனைக் கொண்டுவந்து கொட்டுது, ஆத்தைக் கவனிக்கேல்ல, ஆத்தைக் கவனிச்சால் மீன் தானா இருக்கும் எண்டதுதான் அவையின்ர வாதம். அதால உங்களிட்டைக் கடிதம் கேட்ட ஆள் புதுசா ஒண்டும் சொல்லேல்ல, அறுபது வருசத்துக்கு மேலாச் சொல்லிக்கொண்டு வாற கதை.

ஆனா கிளப் ஆக்கள் சொல்லுறதிலயும் ஒரு உண்மை இருக்கு, அதை மறைக்கக் கூடாது. ஓ சேபிளில ஹோலி வாட்டர் எண்டு ஏறக்குறைய எட்டு மைல் நீளம், அங்க ஃப்ளை மட்டும்தான், ஒரு மீனும் கொண்டுபோகேலாது. புழு போடுற ஆக்களுக்கு அங்க இடமில்லை, உள்ளூர்ச் சனத்துக்கு அது நெடுநாள் மனக்கசப்பு. இது வேற, மீன் விடுறதை நிப்பாட்டுறது வேற. முதலாவது ஆர் பிடிக்கலாம், எப்பிடிப் பிடிக்கலாம் எண்டது, ரெண்டாவது ஆத்தில என்ன மீன் இருக்கவேணும் எண்டது. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழைக்கிறதாலதான் எல்லா இடத்திலயும் சண்டை. உங்கட ஓடையில ரெண்டாவதுதான் நடக்குது, முதலாவதை ஆரும் கொண்டு வந்தால் அப்ப எதிர்த்து நில்லுங்கோ, நானும் கையெழுத்து வைப்பன்.

இந்த ஆக்கள் கூடினால் என்ன செய்யலாம் எண்டதுக்கும் ஒண்டு சொல்லுறன். கிரேலிங்கில பழைய குஞ்சுப்பண்ணை ஒண்டு இருந்தது, அதை வியாபார மீன்பண்ணையாக்கி வருசத்துக்கு 300,000 பவுண்ட் மீன் வரைக்கும் வளக்க 2014ல அனுமதி குடுத்தவை. மீன்ர கழிவு, மிச்சத் தீன் எல்லாம் ஆத்துக்குத்தான் வரும், அதில இருக்கிற பொஸ்பரசால பாசி பிடிச்சு இராத்திரியில ஒட்சிசன் குறையும். 1987ல தொடங்கின ஆங்லர்ஸ் ஒஃப் தி ஓ சேபிள் எண்ட அமைப்பு, வருசக்கணக்கா வழக்காடி, கடைசியில அந்தப் பண்ணை அங்க நடக்காமல் செய்தவை. தூண்டில் பிடிக்கிற ஆக்கள் இல்லையெண்டால் அதை ஆர் கேட்டிருப்பினம்?

கொடைக்கானல் டு போஸ்மன் எழுதியது:

நிறுத்தினா எப்படி அதிகமாகும்னு கேட்டீங்கல்ல, அதுக்கு பதில் எங்க மொன்டானாவுல இருக்கு. நான் இங்க யுனிவர்சிட்டியில வேலை பாக்குறேன், மீன் ஆராய்ச்சி இல்ல, மண்ணு ஆராய்ச்சி, ஆனா இந்த ஊர்ல டீக்கடை பேச்சே ட்ரவுட்தான்.

1960கள் கடைசியில டிக் வின்சென்ட்னு ஒரு அரசு பயாலஜிஸ்டு, மேடிசன் ஆத்துல மீன் எண்ணிட்டு இருந்தாரு. அணையில இருந்து குளிர்காலத்துல தண்ணி கம்மியா விடுறதால மீன் குறையுதான்னு பாக்குறதுதான் அவரு வேலை. எண்ணும்போது கணக்கு ஒதைக்குது, தண்ணி நல்லா இருந்தும் பண்ணை மீன் விடுற பகுதியில வைல்ட் மீன் ஏறல. சரின்னு நேராவே சோதிச்சுப் பாத்துடலாம்னு, வார்னி-ன்னு ஒரு பகுதியில வழக்கமா விடுறத நிறுத்தினாரு, பக்கத்துல ஓடெல் க்ரீக்ல அதுவரைக்கும் விடாத எடத்துல பண்ணை மீனை விட்டாரு. வார்னியில வைல்ட் மீன் வருஷா வருஷம் கூடுச்சு, ஓடெல்ல குறைஞ்சுது. அவ்வளவுதான் விஷயம், ஒரு பக்கம் நிறுத்து, ஒரு பக்கம் விடு, ரெண்டையும் எண்ணு.

ஏன் அப்படி ஆகுதுன்னா, ஆத்துல ஒவ்வொரு மீனுக்கும் ஒரு எடம் உண்டு, ஒரு கல்லு மறைவு, நீரோட்டம் சாப்பாட்டக் கொண்டு வர்ற ஒரு மூலை, பெரிய மீனுக்கு நல்ல எடம் சின்னதுக்கு அடுத்த எடம்னு அதுங்களுக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்கும், அதனால வீணா சண்டை போட்டு சக்தியத் தொலைக்காது. திடீர்னு ஒரே நாள்ல லாரியில இருந்து நூத்துக்கணக்குல மீன் வந்து விழுந்தா அந்த ஒழுங்கே கலைஞ்சு போகும். தொட்டியில நெரிசல்ல வளந்த மீனுக்கு எடம் விட்டுக் குடுக்கத் தெரியாது. வைல்ட் மீன் எடத்த விட்டுப் போகும், இளைக்கும், சாகும். வந்த மீனும் நெலைக்காது, பெரும்பாலும் அடுத்த குளிர்காலத்தத் தாண்டாது. ஆக ரெண்டும் போச்சு, அடுத்த வருஷம் மறுபடி லாரி வந்தாதான் மீன்.

இத வச்சு 1974ல மொன்டானா, வைல்ட் மீன் இருக்கிற ஆறுகள்ல பண்ணை மீன் விடுறத நிறுத்திச்சு. சும்மா நடக்கல. மோட்டல்காரன், தூண்டில் கடைக்காரன், கைடு எல்லாரும் எங்க பொழப்புல மண்ணப் போடுறீங்கன்னு கத்தினாங்க, டிபார்ட்மென்ட்டுக்கு உள்ளேயே எதிர்ப்பு இருந்துச்சு, பண்ணையில வேலை பாத்தவங்க சக ஊழியருங்கதானே. இன்னைக்கு அதே ஊர்க்கடைங்க மொத்தமும் வைல்ட் ட்ரவுட்டுக்கு வர்ற ஜனத்தாலதான் வாழுது.

பழைய தூண்டில் சார் கேட்ட நிலம் விஷயம் நூத்துக்கு நூறு சரி, இங்கயும் அதுக்கு தனியாதான் போராடினாங்க. 1984ல மொன்டானா சுப்ரீம் கோர்ட் ரெண்டு வழக்குல தீர்ப்பு சொல்லி, 1985ல ஓடை உரிமைச் சட்டம் வந்துச்சு, பாலத்துக்கிட்ட பொது வழியா உள்ள எறங்கிட்டா வழக்கமான வெள்ளக் கோட்டுக்கு உள்ள எந்தப் பணக்காரன் நிலம் வழியாவும் ஆத்துல நடந்து போகலாம். பென்சில்வேனியால அப்படி கிடையாது, அதனால உங்க ஓடைக்கு அந்தப் பயம் நியாயமானது.

நிறுத்திட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னும் நெனைக்காதீங்க. 1994ல மேடிசன்ல வேர்லிங் நோய் கண்டுபுடிச்சாங்க, ஐரோப்பாவுல இருந்து வந்த ஒட்டுண்ணி, குஞ்சு மீன் வட்டம் வட்டமா சுத்தியே சாகும், ரெயின்போ கிட்டத்தட்ட பத்துல ஒண்ணுதான் மிஞ்சிச்சு. மெதுவா திரும்பி வந்துச்சு. 2021 நவம்பர் 30ம் தேதி ஹெப்கன் அணையில ஒரு மதகு பழுதாகி தண்ணி சட்டுன்னு கொறைஞ்சு போச்சு, பிரவுன் ட்ரவுட் முட்டை போட்டு வச்சிருந்த ஜல்லியெல்லாம் வெளிய தெரிஞ்சுது. அந்தக் குளிர்ல ஊர் ஜனம் பக்கெட்டோட ஆத்துக்குள்ள எறங்கி, ஒதுங்குன குட்டையில மாட்டின மீனைப் பொறுக்கி ஓட்டத்துல விட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சுதான் மதகு சரியாச்சு. 2023ல பிக் ஹோல், பீவர்ஹெட், ரூபி ஆறுகள்ல பிரவுன் ட்ரவுட் எண்ணிக்கை வரலாறு காணாத அளவுக்குக் கீழ போயிடுச்சு, இன்னும் காரணத்துக்கு சண்டை நடக்குது, சூடு, தண்ணி எடுக்குறது, நோய்னு. தண்ணி மூணு நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டா மதியம் ரெண்டு மணிக்கு மேல தூண்டில் போடக் கூடாதுன்னு கோடையில தடை வருது. மீன் லாரியில வருதுன்னா இதையெல்லாம் யாரும் கவனிக்கவே மாட்டாங்க, செத்தா இன்னொரு லோடு. தானா வளர்ற மீன்னு ஆனப்புறம்தான் ஊரே தண்ணியப் பாக்க ஆரம்பிக்குது.

ஊட்டிக்குளிர் எழுதியது:

ஒரு சின்ன திருத்தம் மட்டும். வைல்ட்னு சொல்றது வேற, அந்த மண்ணுக்கே சொந்தம்னு சொல்றது வேற. பிரவுன் ட்ரவுட் 1880கள்ல ஜெர்மனியில இருந்து முட்டையா வந்தது. பென்சில்வேனியாவுக்கு சொந்த மீன் ப்ரூக் ட்ரவுட், மாநில மீனே அதுதான். எங்க நீலகிரியிலயும் 1907 வாக்குல அவலாஞ்சியில பண்ணை வச்சு வெள்ளக்காரங்க ரெயின்போவ விட்டாங்க, நாங்க சின்ன வயசுல அது ஊட்டி மீன்னே நெனச்சுட்டு இருந்தோம்.

உங்க ஊருக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள நியூவில்ல பிக் ஸ்ப்ரிங் ஓடை இருக்கு, முடிஞ்சா போய்ப் பாருங்க. ஊத்துக்கண்ணுக்குப் பக்கத்துலேயே அரசு குஞ்சுப்பண்ணை கட்டி, அதோட கழிவு பல வருஷம் ஓடையில கலந்து ப்ரூக் ட்ரவுட் அழியுற நெலைக்கு வந்துச்சு. உள்ளூர் ஆளுங்க விடாம போராடி 2001ல பண்ணைய மூட வச்சாங்க. ப்ரூக் ட்ரவுட் திரும்பி வந்துச்சு. மாயவரத்தாரே, உங்க ஓடைக்கு மேல, ஊத்து பக்கமா, கையளவு ப்ரூக் ட்ரவுட் எங்கயாவது ஒளிஞ்சிருக்கான்னு சர்வே அறிக்கையில பாருங்க. இருந்தா அத குறிப்பிட்டு எழுதுங்க.

பெல்ஃபான்ட் குமார் எழுதியது:

பழைய தூண்டில் அண்ணா, நிலம் பத்தி நீங்க கேட்டது சரிதான், இதுக்கு அழகான பதில் என்கிட்ட இல்ல. எங்க பக்கம் சில எடத்துல டவுன்ஷிப்பும் கிளப்பும் சேந்து நிலக்காரர்கிட்ட எழுத்துல வழி உரிமை வாங்கியிருக்காங்க, சில எடத்துல போர்டு விழுந்துருச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா வருஷா வருஷம் குப்பைய விட்டுட்டுப் போற கூட்டத்தால கடுப்பாகி போர்டு மாட்டின நிலக்காரங்களும் உண்டு. தம்பி கிளப் ஆளுங்க ஐம்பது வருஷமா அந்த விவசாயிங்க கூட பழகியிருக்காங்க, ட்ரவுட் அன்லிமிடெட்காரங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல. வழி உரிமைய வாங்கித் தர முடிஞ்ச ஒரே ஆளுங்க உங்க கிளப்தான்.

மாயவரத்துக்காரன் எழுதியது:

மூணு வாரம் ஆச்சு பதில் போடாம, மன்னிக்கணும். எல்லாரும் இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, ரெண்டு தடவை முழுசா படிச்சேன், கொஞ்சத்த இங்கிலீஷ்ல சொல்லி அந்தப் பெரியவருக்கும் காட்டினேன்.

அவரு முதல்ல பிடி குடுக்கல. புழு போடலாம், அஞ்சு மீன் எடுக்கலாம்னு ரூல் புத்தகத்தக் காட்டினப்பதான் கொஞ்சம் எறங்கி வந்தாரு, அது அவருக்கே தெரியல. அப்புறம் போன ஞாயித்துக்கிழமை அவரையும் பொண்ணையும் கூட்டிட்டு ஓடைக்குப் போனேன், தூண்டில் எடுத்துட்டுப் போகல. நவம்பர்ல அங்க யாரும் போறதே இல்ல, நாங்க எல்லாரும் ஏப்ரல் ஆளுங்க. பழைய கல்பாலத்துக்கு மேல ஒரு எடத்துல ஜல்லி மட்டும் தேய்ச்சுக் கழுவின மாதிரி வெளுப்பா இருந்துச்சு, பாத்துட்டே இருந்தோம், ஒரு பெரிய பிரவுன் ட்ரவுட் பக்கவாட்டுல சாஞ்சு வாலால ஜல்லிய அடிச்சு அடிச்சு குழி பறிக்குது, பின்னாடி ரெண்டு சின்னது காத்துட்டு நிக்குது. பெரியவர் ரொம்ப நேரம் பேசல. இந்த எடத்துலதான் நாங்க பக்கெட்ட கொட்டுவோம்னு மட்டும் சொன்னாரு.

நான் எதிர்ப்பு மனுவுல கையெழுத்து போடல. அவரு தன் கையெழுத்த வாபஸ் வாங்கல, அத நான் கேக்கவும் இல்ல. ஆனா ரெண்டு பேரும் உக்காந்து கமிஷனுக்கு ஒரு கடிதம் எழுதினோம். பாலத்துக்கு மேல இருக்கிற பகுதிய கிளாஸ் ஏன்னு அறிவிங்க, அங்க வர வேண்டிய மீனை கோடையில தண்ணி சூடாகிற கீழ்ப்பகுதிக்கும் டவுன்ஷிப் பார்க் குளத்துக்கும் மாத்தி விடுங்க, கிளப்போட குழந்தைகள் போட்டி அங்க நடக்கட்டும், சாய்வான கரையா சக்கர நாற்காலி போற மாதிரி ஒரு எடம் வேணும்னு. நிலக்காரங்க நாலு பேர்ல மூணு பேர்கிட்ட பெரியவர் பேசிட்டாரு, ஒருத்தர் யோசிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. சர்வே அறிக்கையையும் கேட்டு வாங்கினேன், ஊட்டிக்குளிர் சொன்ன மாதிரியே மேல ஒரு கிளை ஓடையில ப்ரூக் ட்ரவுட் ஏழு இருந்திருக்கு, அதையும் எழுதிட்டோம்.

கமிஷன் கூட்டம் ஜனவரியில ஹாரிஸ்பர்க்ல, பொதுமக்கள் எழுந்து பேசலாம்னு சொல்றாங்க. நான் இதுவரைக்கும் எந்தக் கூட்டத்துலயும் எழுந்து பேசினதில்ல, பேச எழுதி வச்சிருக்கேன், பெரியவர் எனக்கு அடுத்து பேசுறேன்னு இருக்காரு. குமார் அண்ணா, பழைய தூண்டில் சார், யாராவது வர முடியும்னா சொல்லுங்க, வீட்டுல தங்கிக்கலாம், காலையில எல்லாரும் ஒண்ணா போயிடலாம்.